வில்லைக்கு அடியில் மெழுகு

என் வாயாடி நாத்தனார் பச்சைக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நம் வீட்டு அடுப்பு லைட்டரை நான் உடைத்துவிட்டேன். கை தவறி இல்லை. ஐம்பத்து மூன்று வயதில், பட்டப்பகலில், அம்மிக் குழவியால் தட்டி, வேண்டுமென்றே உடைத்தேன். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. லைட்டர் எங்கே என்று உன் அண்ணன் கேட்டதற்கு, எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சொன்னேன். அவரும் நம்பிவிட்டார். இரண்டு வாரமாகத் தீப்பெட்டியில்தான் அடுப்பு எரிகிறது.

எல்லாம் உன் மகள் செய்த வேலை. லைட்டருக்குள் பென்சில் துண்டு போல ஒரு சின்னக் கல் இருக்கிறது அத்தை, அதை அடித்தால் அதிலிருந்து மின்சாரம் வருகிறது, அதுதான் பொறி என்று சொன்னாள். அதோடு விட்டாளா? அடித்தால் மின்சாரம் கொடுக்கிற அதே கல், மின்சாரம் கொடுத்தால் கொஞ்சம் நீளும், கொஞ்சம் சுருங்கும் என்றாள். ஒரு கல் நீண்டு சுருங்குவதை யாராவது நம்புவார்களா? நான் உடைத்துப் பார்த்தேன். கல் இருந்தது. விரலில் சுருக்கென்று ஒரு ஷாக்கும் கொடுத்தது. நீளுகிற அளவு கண்ணுக்குத் தெரியாது என்பதைச் சுகன்யா எனக்குச் சொல்ல மறந்துவிட்டாளாம். நீ பெற்றது வேறு எப்படி இருக்கும்?

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. வருகிற மாதம் முதல் வருஷ திதி. அன்றைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க, உன் படம் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறோம். அதில் நானும் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று சுகன்யா பிடிவாதம் பிடித்தாள். ஐந்தாவதோடு நின்றவள் எழுதினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். எழுத்துப் பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன், மனசில் இருப்பதை எழுது என்றாள். மனசில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் சோறு இறங்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் நம் ஃபைபர் ஷெட். பஸ்ஸுக்கு முன்முகம் செய்வோம், குளியலறைக் கதவு செய்வோம், மரக்காணம் பக்கத்துப் படகு அடிபட்டு வந்தால் ஒட்டுப் போடுவோம். முதலில் அச்சு. அச்சின் மேல் மூன்று தரம் மெழுகு. பிறகு ரெசின் பூசி, கண்ணாடி நாரால் ஆன பாயை அதன் மேல் விரித்து, மறுபடி ரெசின், மறுபடி பாய். காய்ந்ததும் தூக்கினால் அச்சின் வடிவம் அப்படியே கையில் வரும். மெழுகு போடாத அச்சிலிருந்து எந்த மகாராஜன் வந்தாலும் பொருளைப் பிரிக்க முடியாது.

மெழுகு உன் இலாகா. அச்சுக்குப் போடுவதோடு நிற்க மாட்டாய். பொருள் முடிந்து வெளியே போகும் முன் அதற்கும் ஒரு கை மெழுகு போட்டு, பழைய பனியன் துணியால் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றித்தான் வண்டியில் ஏற விடுவாய். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். நீ தேய்த்துக்கொண்டே இருப்பாய்.

"மூஞ்சி கழுவாத பொண்ண யாராவது சபையில நிறுத்துவாங்களா அண்ணி?" என்று கேட்பாய்.

குளியலறைக் கதவுக்கு என்னடி சபை என்று நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே நானும் ஒரு துணியை எடுத்துக்கொள்வேன். இருபது வருஷத்தில் அந்தப் பழக்கம் எனக்கும் கையில் ஏறிவிட்டது. வினை அங்கேதான் பிடித்தது.

சுகன்யா விழுப்புரம் பக்கத்துக் காலேஜில் டாக்டர் பட்டத்துக்குப் படிப்பது உனக்குத் தெரியும். எதைப் பற்றி என்று நீ இருந்தவரை நம் இருவருக்கும் புரிந்ததில்லை. இப்போது எனக்குக் கொஞ்சம் புரியும், பொறாமைப்படு. நாம் செய்கிற மாதிரி நாரும் ரெசினும் கலந்து செய்த வளைந்த பலகை. பீப்பாயை நெடுக்காக அறுத்து ஒரு பத்தை எடுத்தால் எப்படி இருக்கும், அந்த வளைவு. விமானத்திலும் ராக்கெட்டிலும் அப்படிப்பட்ட பாகங்கள் இருக்கின்றனவாம். லேசாக இருப்பதால் ஓயாமல் அதிரும். அதிர்ந்து அதிர்ந்து வெடிப்பு விடும். நாம் செய்த பஸ் மூக்கு ஆறு மாதத்தில் ஓரம் கீறிக்கொண்டு திரும்பி வருமே, அதே வியாதி.

அந்த அதிர்வை அடக்கத்தான் இந்தக் கல். கல்லாக இல்லை, மெல்லிய வில்லையாக. தீப்பெட்டியின் பக்கவாட்டு அளவு, அப்பளம் போல நொறுங்கும். ஆறு வில்லை. பலகையைப் பிடித்து முடுக்கியிருக்கிற ஓரத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும், அங்கேதான் அதிகம் வளைந்து நிமிருமாம். பலகை அதிரும்போது இரண்டு வில்லைகள் அதை உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் மற்ற நான்குக்கும் மின்சாரம் அனுப்பும். பலகை இந்தப் பக்கம் வளைந்தால் அவை அந்தப் பக்கம் இழுக்கும். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போது எதிரே கை கொடுத்தால் நிற்கிறதே, அப்படி. இதில் ஒன்றுதான் முக்கியம். வில்லை பலகையோடு ஒட்டி ஓருடம்பாக இருக்க வேண்டும். நடுவே எதுவும் இருக்கக் கூடாது.

எங்கே வருகிறேன் என்று உனக்குப் புரிந்துவிட்டதா? எனக்கும் ஒரு நாள் புரிந்தது. ஆனால் அது பிறகு.

பலகையை நம் ஷெட்டில்தான் போட்டோம், நீ கடைசியாகச் செய்த அந்த வளைவு அச்சில். அதன் மூலையில் ரெசின் காயும் முன் நீ கட்டைவிரலை அழுத்தி வைத்தாயே, கையெழுத்து போடுகிற மாதிரி? அந்த ரேகை பலகையிலும் எழும்பி வந்திருக்கிறது. ஆறு இடத்தில் பென்சிலால் கட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தாள் சுகன்யா. கட்டத்துக்குள் மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கித் தா அத்தை, அப்போதுதான் பசை பிடிக்கும் என்றாள். தேய்த்தேன். ஆறு கட்டமும் அளவு பிசகாமல்.

மறுநாள் அனுப்புவதற்காக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிற பலகையில் ஆறு இடம் மட்டும் வெளுத்து, படை வந்த தோல் மாதிரி இருந்தது. அந்தக் காலேஜில் பெரிய பெரிய ஆட்கள் பார்ப்பார்கள். பச்சையின் மகள் கொண்டுவந்த பொருள் என்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஒரு கை மெழுகு போட்டேன். பனியன் துணியால் தேய்த்தேன். ஆறு இடமும் மற்ற இடத்தோடு கலந்து மினுங்கியது. அழிந்துபோன பென்சில் கட்டத்தைத் திரும்ப அளந்து போட்டு வேறு அனுப்பினேன். அவ்வளவு பொறுப்பு எனக்கு.

அனுப்பியது திங்கட்கிழமை. புதன்கிழமை அவள் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு வில்லைகளை ஒட்டினாள். சொரசொரப்பாக்கியது அத்தை அல்லவா, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

அவள் குரல் சரியில்லை. அடுத்த திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பார்க்கப் போகிறார், அவர் முன்னால் பலகையின் அதிர்வை அடக்கிக் காட்ட வேண்டும், ஆனால் அடங்க மாட்டேன் என்கிறது என்றாள். வில்லைகள் வேலை செய்கின்றன, பலகைதான் கேட்கவில்லையாம். கணக்கில்தான் எங்கோ தப்பு, நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாள். பலகையை அதிர வைக்கிற மிஷின் வேறொரு காலேஜிலிருந்து வாங்கிய இரவலாம், செவ்வாய்க்கிழமை திரும்பிப் போய்விடுமாம். வில்லைகள் வெளிநாட்டிலிருந்து வர நான்கு மாதம் ஆயிற்று, மாற்றுக்கு ஒன்றுகூட இல்லையாம். திங்கட்கிழமை காட்டாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

கடைசியாகப் போகிற போக்கில் ஒன்று சொன்னாள். "ஒரு வில்ல மட்டும் ஓரத்துல லேசா தூக்கினாப்புல கீது அத்தை. ஏன்னு தெரில."

எனக்குத் தெரிந்துவிட்டது. நின்ற இடத்தில் தெரிந்துவிட்டது. மெழுகின் மேல் எது ஒட்டும்? ஒட்டக் கூடாது என்பதற்காகத்தானே அதைப் போடுகிறோம்? இருபது வருஷமாக அதைத்தானே செய்கிறோம்?

ஆனால் போனில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? சாப்பிட்டியா என்று கேட்டேன். நேரத்துக்குத் தூங்கு என்றேன். வைத்துவிட்டேன். என்னை என்ன செய்தால் தகும் சொல்.

உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் உனக்குத் தெரிந்த அதே மனிதர்தான், பேச்சு ஒரு பிடி, சோறு ஒரு படி. நீளமாக யோசித்துவிட்டு, "போய் சொல்லிடு. கணக்குல தேடிக்கினு இருக்குது கொழந்த," என்றார். அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசியதே எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். பையில் மெழுகைக் கரைக்க அரை லிட்டர் அசிட்டோன், உப்புத்தாள், படகுக்காரர்களிடம் வாங்கி வைத்திருந்த தூண்டில் நரம்பு ஒரு சுருள், எதற்கும் இருக்கட்டும் என்று. அதோடு வல்லத்தில் என் அண்ணன் வீட்டிலிருந்து வந்த கேப்பை இரண்டு கிலோ. திட்டு வாங்கப் போகிறவள் வெறுங்கையோடு போவானேன் என்று எடுத்து வைத்தேன். சீட்டுக்கு வந்த கண்டக்டர் மூக்கை உறிஞ்சினான்.

"இன்னாக்கா அது பாட்டிலு?"

பாண்டிச்சேரிச் சரக்கு என்று நினைத்துவிட்டான். நகப்பூச்சு அழிக்கிறது தம்பி என்றேன். அது பொய்யும் இல்லை.

"அர லிட்டரா? எத்தினி வெரலுக்கா ஒனக்கு?"

பஸ்ஸே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் அவனைச் சும்மா விட்டிருப்பேனா? அன்றைக்குச் சில்லறையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது. முன் சீட்டின் கம்பி அதிர்ந்தது. என் பல் அதிர்ந்தது. உலகத்தில் அதிர்கிற பொருள் இத்தனை இருக்கிறது என்று அன்றுதான் கண்ணில் பட்டது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியம் யோசித்து வைத்தேன். விக்கிரவாண்டி வருவதற்குள் அது மறந்துபோனது. இன்னொன்று யோசித்தேன். அதுவும் நிற்கவில்லை. அவள் என்னோடு பேசாமல் போய்விட்டால் நான் யாரிடம் உன்னைப் பற்றிப் பேசுவேன் என்கிற பயம்தான் எனக்கு. பட்டம் அடுத்த வருஷம்கூட வாங்கலாம்.

லேபில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. உன் பழைய ஊதா துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"இன்னா அத்தை, சொல்லாம கொள்ளாம?"

"சுகு, கணக்குல தப்பு இல்ல. நாந்தான் மெழுகு போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"அந்த ஆறு எடத்துக்கும். அனுப்புற அன்னிக்கி. பாக்க அசிங்கமா இருந்திச்சி, மனசு வரல."

அவள் கத்தவில்லை பச்சை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா புரோகிராம மாத்தி மாத்திப் போட்டுக்கினு இருக்கேன் அத்தை," என்றாள்.

நான் பையிலிருந்து கேப்பையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் அந்தப் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மாவா இருந்தாலும் போட்டுட்டுதான் அனுப்பியிருக்கும்," என்றாள்.

அது சிரிப்பு. நான்தான் அழுதேன்.

ஆனால் சிரித்தால் வில்லை வந்துவிடுமா? ஒட்டிய வில்லையைப் பிரித்தால் நொறுங்கிப் போகும், யாரும் முழுசாகப் பிரித்ததில்லை என்றாள். அப்போதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. அடியில் மெழுகு இருக்கிறதே. நம் அச்சிலிருந்து பொருளைப் பிரிப்பது எப்படி? ஓரத்தில் கொஞ்சம் வழி கண்டுபிடித்துவிட்டால் தானாக வரும். தூண்டில் நரம்பைத் தூக்கியிருந்த ஓரத்தில் நுழைத்து, இரண்டு கையாலும் இப்படியும் அப்படியும் அறுக்கிற மாதிரி இழுத்தேன். சுகன்யா வில்லையை விரல் நுனியால் தொட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.

முதல் வில்லை முழுசாக வந்தது. அடியில் பசை வில்லையோடு வந்துவிட்டது, பலகையில் ஒரு பொட்டு இல்லை. ஒட்ட விடாத அதே மெழுகுதான் உரிக்கவும் விட்டது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் அப்படியே வந்தன. ஆறாவதில் எனக்குத் தைரியம் கூடிவிட்டது, அதுதான் என் கெட்ட குணம். ஒரு மூலை உடைந்தது. ஒரு கேப்பை மணி அளவு. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சுகன்யா வில்லைகளை ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தாள். மூலை போன வில்லையும் வேலை செய்கிறது, கொஞ்சம் குறைவாக, அதை உணர்கிற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

பிறகு வில்லைகளின் அடியையும் பலகையையும் அசிட்டோன் போட்டுத் துடைத்தேன், பலகைக்கு உப்புத்தாள் போட்டேன், மறுபடி அசிட்டோன். நான் தேய்க்க ஆரம்பிக்கும் முன் அவள் பலகையின் ஒரு மூலையில் மட்டும் டேப் ஒட்டி மறைத்தாள். உன் கட்டைவிரல் இருக்கிற மூலை.

ஒட்டும்போது இன்னொரு பேஜாரு. வளைவின் மேல் தட்டையான எடையை வைத்தால் நடுவில் மட்டும் அழுத்துகிறது, ஓரம் தூக்குகிறது. முதல் தரமும் கொஞ்சம் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும், எல்லாப் பழியும் எனக்கே இல்லை என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். படகு வளைவுக்கு நாம் மணல் மூட்டை வைப்போமே? அங்கே மணலுக்கு எங்கே போவது? மேஜை மேல் கேப்பை இருந்தது. அவளுடைய துவைத்த சாக்ஸ் மூன்று ஜோடியை ஹாஸ்டலிலிருந்து ஜல்தியாக எடுத்துவரச் சொன்னேன். ஆறு சாக்ஸ், ஆறிலும் கேப்பை, வாயைக் கட்டி ஒவ்வொரு வில்லை மேலும் ஒன்று. வளைவுக்கு வளைவாகப் படிந்து உட்கார்ந்தது. சாயங்காலம் அவளுக்கு வழிகாட்டுகிற மேடம் வந்து பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

"இது என்ன சுகன்யா?"

"கேழ்வரகு மேடம்."

அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷி.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைத் தொடக் கூடாது, காய வேண்டும். நான் ஊருக்குத் திரும்பவில்லை. அவளுடைய தோழியின் அறையில் உட்கார்ந்து அனந்தபுரத்து மல்லாட்டைக் கடலை ஒரு பை உரித்தேன், தின்னவில்லை, உரித்து மட்டும் வைத்தேன். மறுபடியும் பிடிக்காவிட்டால்? அசிட்டோன் போதாமல் எங்காவது ஒரு சொட்டு மெழுகு மிச்சம் இருந்தால்? நீ மஞ்சள் காமாலையில் படுத்திருந்த அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு பகல் நீண்டதில்லை. உன்னிடம் வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். நீயே மெழுகுக் கட்சி, உன்னிடம் எதை வேண்டுவது?

திங்கட்கிழமை. சென்னைப் பேராசிரியர் வந்தார். ஒல்லியான பெரியவர், சட்டைப் பையில் நான்கு பேனா. நான் பின்னால், அலமாரியோடு அலமாரியாக நின்றேன். மிஷினைப் போட்டதும் பலகை ஙொய் என்று கத்த ஆரம்பித்தது. திரையில் கோடு மேலும் கீழும் பேயாட்டம் போட்டது. சுகன்யா கட்டுப்பாட்டை ஆன் செய்தாள்.

சத்தம் கூடியது.

குறையவில்லை பச்சை, கூடியது. நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். சுகன்யா உடனே கையை நீட்டினாள். ஆஃப் செய்தாள். குனிந்து வயர்களைப் பார்த்தாள். ஒரு ஜோடியைக் கழற்றி இடம் மாற்றிச் செருகினாள். அது தலைகீழாக இருந்தால் வில்லை அதிர்வுக்கு எதிராக இழுக்காமல் அதிர்வோடு சேர்ந்து தள்ளுமாம். வருகிற ஊஞ்சலை நிறுத்தாமல் போகிற ஊஞ்சலைத் தள்ளிவிடுகிற மாதிரி. மறுபடி ஆன் செய்தாள்.

சத்தம் இறங்கியது. குழாயை மெல்ல மூடுகிற மாதிரி இறங்கி, காதை வைத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு ஆனது. மிஷின் அதே வேகத்தில் ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. பலகை அடங்கி நின்றது. திரையில் கோடு படுத்துவிட்டது. நான் அலமாரிக் கதவைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் எடுத்தேன்.

ஆனால் அந்தப் பெரியவர் லேசில் விடுகிறவர் இல்லை. பழைய தாள்களைப் புரட்டினார். வெள்ளிக்கிழமை எடுத்த ரீடிங் ஏன் இவ்வளவு மோசம் என்று கேட்டார். பலகையில் மெழுகு இருந்தது, வில்லை சரியாக ஒட்டவில்லை என்று சுகன்யா சொன்னாள். மெழுகு எப்படி வந்தது என்றார். அவள் தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டாள், தன் தப்பு என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு முதல் தடவையாக நான் கையைத் தூக்கினேன்.

"நாந்தாங்க போட்டேன்."

"நீங்க யாரும்மா?"

"பலகை செஞ்சதுங்க. இவ அத்தை."

"ஏன் போட்டீங்க?"

"பாக்க நல்லா இல்லீங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சுகன்யாவிடம் திரும்பி, இதை எழுதியிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றாள். எழுது என்றார். சரியாக ஒட்டாத வில்லை எவ்வளவு அடக்குகிறது, ஒட்டிய வில்லை எவ்வளவு அடக்குகிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு, வேண்டுமென்றே யாரும் இப்படிச் செய்து பார்க்க மாட்டார்கள் என்றார். ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பாஸா இல்லையா என்று அந்த மனிதர் வாயால் சொல்லவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னார். நல்லது என்றால் என்ன அர்த்தம் பச்சை? நீ இருந்தால் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாய். எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, பகலில் ரெசினைக் கலக்கும்போது கை நின்றுவிடுகிறது.

பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டாள். அந்த மெழுகுப் பக்கத்துக்கு மேலே உன் பேரைத்தான் போடணும் அத்தை என்றாள். என் பேரோடு என் நாத்தனார் பேரையும் சேர்த்துப் போடு, பழக்கிவிட்டது அவள்தான் என்றேன். பஸ் கிளம்பிய பிறகும் அவள் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். ஊதா துப்பட்டா உன்னைவிட அவளுக்கு எடுப்பாக இருக்கிறது. கோபித்துக்கொள், பரவாயில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி அவளுக்கு என்று பலகை போடும் அன்றைக்கு, அச்சிலிருந்து தூக்கிய நிமிஷமே மெழுகு டப்பாவை உன் அண்ணன் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவேன். படை வந்த மாதிரி இருந்தாலும் அப்படியே அனுப்புவேன். அவள் பட்டம் வாங்குகிற அன்றைக்கு நீ உட்கார வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன், வாயை மூடிக்கொண்டு. முதல் பாதி நிச்சயம்.

இன்னும் ஒன்று. சுகன்யா வயர்களை நிறுத்தி ஒட்டுவதற்கு வைத்திருந்த, தொட்டதும் ஒட்டுகிற பசை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுவந்தேன். உன் அண்ணனுக்குத் தெரிவதற்குள் லைட்டரை ஒட்டி வைத்துவிடலாம் என்று இன்று மத்தியானம் உட்கார்ந்தேன். லைட்டர் ஒட்டவில்லை. அதன் மேல் பாதி என் இடது உள்ளங்கையில் ஒட்டியிருக்கிறது. வீட்டிலிருந்த அசிட்டோனை விழுப்புரத்தில் தீர்த்துவிட்டேன். எலி எப்போது திருப்பிக் கொண்டுவந்தது என்று மட்டும் உன் அண்ணன் கேட்டார், அசிட்டோன் கொண்டுவர சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அவர் வருகிற வரைக்கும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இன்னும் வரவில்லை.

வலது கையால் எழுதும்,
உன் அண்ணி அஞ்சலை